ஆலங்கட்டியும் ஆரஞ்சுக் கலரும்

ஐஸ்கிரீம் செய்ய மூன்று பங்கு ஐசுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. தூளுப்பு உதவாது, போட்டதும் கரைந்து ஓடிவிடும். பால் கலவையை நன்றாக ஆறவைத்த பிறகே வெனிலா எசன்ஸ் விட வேண்டும். சூட்டில் விட்டால் வாசனை போய்விடும். உள்ளே வைக்கும் தகர டப்பாவில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றக்கூடாது, உறையும்போது கலவை உப்பி மேலே வரும். மர வாளியின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். உருகிய உப்புத் தண்ணீர் அதன் வழியாக வெளியேற வேண்டும். கைப்பிடியை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் சுற்ற வேண்டும். இத்தனையும் எனக்கு இன்றும் மனப்பாடம். நான் ஐஸ்கிரீம் செய்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை.

அப்போது மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கும் கடிதமும் எழுதும் ரைட்டராக இருந்தேன். இரண்டு வருஷம் காலேஜில் படித்தவன். லீவு விண்ணப்பம் எழுதுவதிலிருந்து காய்ச்சல்காரனைக் கீழே அனுப்புவது வரை எதற்கும் ஒரு முறை உண்டு, அது ரைட்டருக்குத் தெரியும் என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. முறை தெரிந்தவனுக்குக் கெடுதல் வராது என்று உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம். முதல் குழந்தை தை மாதம் குவார்ட்டர்ஸிலேயே பிறந்து பத்தொன்பது நாள் இருந்தது. அதன் பிறகு என் மனைவி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். விரதம் என்றோ கோபம் என்றோ இல்லை. எனக்குச் சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். தன் தட்டில் ஒரு கைப்பிடிச் சோற்றைப் போட்டுக்கொண்டு, அதை உருட்டி உருட்டி, அப்படியே எடுத்துப்போய்க் கோழிக்குக் கொட்டினாள். அழவும் இல்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லும் முறையாவது எனக்குத் தெரிந்திருக்கும். பங்குனியில் அவள் கைவளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கத் தொடங்கின. பிறகு படுத்துவிட்டாள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து பார்த்தார். வாசலுக்கு என்னை அழைத்துப்போய்ச் சொன்னார்:

"மருந்து கெடக்கு ரைட்டரய்யா. அது நிக்கிறதுக்கு வயித்துல ஏதாச்சும் இருக்கணும்ல. மழைக்குள்ள ஒடம்பு தேறலைன்னா நான் ஒண்ணுஞ் சொல்றதுக்கில்ல. அவுக வாயால எதையாச்சும் ஆசப்பட்டுக் கேட்டாகன்னா, அது என்னவா இருந்தாலும் குடுத்துருங்க. ஒருக்கா இறங்கிருச்சுன்னா அப்பறம் தானா இறங்கும்."

ஆக, அவளைக் கேட்க வைப்பது என் வேலை ஆயிற்று. காலையில் ஆபீஸ் போகும் முன் ஒரு தடவை, திரும்பி வந்து ஒரு தடவை. அயிரை மீன் குழம்பு வேணுமா? பணியாரம் வேணுமா? மார்க்கையன்கோட்டையில் உன் அம்மா வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவரச் சொல்லவா? எதைச் சொன்னாலும் அவள் சுவரைப் பார்த்தபடி "ஒண்ணும் வேணாம்" என்பாள். நான் விடவில்லை. பத்து நாள் கேட்டேன். பதினோராம் நாள் காலையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"மதுரையில குடிச்சமே, அந்த மெதக்குற ஐஸு. அது வேணும்."

கல்யாணமான மறுமாதம் மதுரைக்குப் போயிருந்தோம். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கடை. உயரமான கண்ணாடி கிளாஸில் ஆரஞ்சுக் கலர் சோடாவை ஊற்றி, அதில் ஒரு கட்டி வெள்ளை ஐஸ்கிரீமைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். நுரை பொங்கிக் கிளாஸைத் தாண்டி அவள் புதுப் புடவையில் வழிந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஏங்க, இது முழுகாதா?" என்று கேட்டாள். கடைவதால் ஐஸ்கிரீமுக்குள் காற்று ஏறியிருக்கும், அதனால் எடை குறைவு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "போதும், குடிங்க. உங்க பாடத்தக் கேட்டுக்கிட்டே அது கரைஞ்சு போயிரும்" என்றாள்.

மலையில் ஐஸ் கிடையாது. அது எனக்குத் தெரிந்த அளவு அவளுக்கும் தெரியும். என் கேள்வி நிற்க வேண்டும் என்பதற்காகக் கிடைக்க முடியாத ஒன்றைத் தேடி எடுத்துக் கேட்டாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அன்றைக்கு நான் அதை மேலதிகாரியின் உத்தரவு போல எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

மதுரையில் இருந்த சிநேகிதனுக்கு எழுதினேன். ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்து, இரட்டைச் சாக்கில் கட்டி, சின்னமனூர் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லி, சாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று படமும் வரைந்து அனுப்பினேன். சின்னமனூரில் இருந்து மேலே வருவதற்கு அப்போது பாதி தூரம் வண்டிப் பாதை, மீதி கழுதைப் பாதை. சின்னமனூர் சோடாக் கம்பெனியில் நான்கு ஆரஞ்சுக் கலர் வாங்கிச் சேர்த்து ஏற்றிவரக் கழுதைக்காரரிடம் சொல்லியிருந்தேன். ஐஸ் மதுரையை விட்ட மறுநாள் மதியம் அவர் வந்து, வைக்கோல் சுற்றிய பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அப்புறம் சாக்கை இறக்கினார். அதை ஒரே கையால் தூக்கியதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"சாக்கு இருக்கு, தூளு இருக்கு," என்றார். "உள்ள இருந்ததுதேன் வர்ற வழியில எங்கிட்டோ எறங்கிப் போச்சு. கழுதைக்கு நல்ல குளுச்சி."

நான்கு பாட்டில்களையும் அவள் கண்ணில் படும்படி அலமாரியில் வரிசையாக வைத்தேன். அவள் பார்த்தாள். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, சித்திரையில் ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு ஆலங்கட்டி மழை பெய்தது. தகரக் கூரைமேல் லாரி லாரியாகச் சரளைக்கல் கொட்டுகிற சத்தம். கொழுந்து பறிக்கும் லயத்துப் பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். கால் மணி நேரம்தான். ஓய்ந்தபோது கூரை ஓரமெல்லாம் முழங்கால் அளவுக்கு வெள்ளையாகக் குவிந்துகிடந்தது. தேயிலைச் செடிகள் மொட்டையாக நின்றன. கொழுந்தெல்லாம் போயிற்றே என்று எஸ்டேட் முழுவதும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் சந்தோஷப்பட்ட ஆள் நான் ஒருவன்தான்.

கோணியிலும் கூடையிலும் வாரிக் கம்பளியால் மூடினேன். துரை பங்களாவுக்கு ஓடினேன். துரைசாணி சீமைக்குப் போனவர், யுத்தத்தால் திரும்ப வழியில்லாமல் அங்கேயே இருந்தார். அவருடைய ஐஸ்கிரீம் வாளியும், சமையல் கையேடும், கால் பாட்டில் வெனிலா எசன்ஸும் பங்களாவில் இருந்தன. பங்களா பட்லர் ராயப்பன்பட்டிப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"பட்லர், அந்த வாளிய எடுங்க."

"துரை வந்து கேட்டாகன்னா?"

"நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்குறேன்."

"நீங்க எழுதிக் குடுக்குறத வெச்சு அடுப்புத்தேன் பத்தவைக்கலாம்," என்றார். ஆனால் அதற்குள் வாளியை எடுத்து வந்துவிட்டார். பால் காய்ச்சி, நாலு முட்டை மஞ்சள் கருவும் சீனியும் சேர்த்துக் கிண்டியது அவர்தான். நான் கையேட்டைப் பார்த்து அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் கிண்டிக்கொண்டிருப்பவர்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பின்வாசலில் வாளியை வைத்தோம். பட்லர் கூடைமேல் இருந்த கம்பளியை விலக்கிப் பார்த்தார்.

"ஒரே தழையும் தூசியுமா இருக்கு ரைட்டரய்யா. ஒரு அலசு அலசிப் போடுவம்."

"அலசினா மூணுல ஒரு பங்கு கரைஞ்சு போகும். இது டப்பாவுக்கு வெளியதான கெடக்கப் போகுது? உள்ளயா போகுது?"

"படிச்சவுக சொன்னாச் சரித்தேன்."

நான் சொன்னதில் பிழை இல்லை. அலசினால் கரையத்தான் செய்யும். கையேட்டிலும் அலசச் சொல்லி எழுதியிருக்கவில்லை. அதை எழுதியவர்கள் ஆலையில் செய்த ஐசை நினைத்து எழுதியிருந்தார்கள்.

மூன்று கை ஆலங்கட்டி, ஒரு கை உப்பு என்று அடுக்கினோம். மாறி மாறிச் சுற்றினோம். நடுநடுவே எழுந்துபோய் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். அரைமணி நேரத்தில் கைப்பிடி இறுகியது. மூடியைத் திறந்தோம். டப்பாவில் வெள்ளையாக, வழுவழுப்பாக, கரண்டி வைத்தால் நிற்கிற பதத்தில் இருந்தது. வாசனை மதுரையைக் கொண்டுவந்தது. பட்லர் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்தார்.

"ஒரு துளி நாக்குல வெச்சுப் பாத்துருவம்."

நான் அவர் கையைப் பிடித்தேன். "வேணாம். அவ ஆசப்பட்டது. அவ வாயில படுறதுக்கு முந்தி வேற வாய் படக்கூடாது."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு முறை உண்டு. உடம்புக்கு முடியாதவர் ஆசைப்பட்ட பண்டத்தை அடுத்தவர் முதலில் தின்றால் அவர் ஆசை தீராது என்பார்கள். காலேஜில் படித்த நாளில் இதையெல்லாம் கேலி செய்தவன் நான். அன்றைக்கு எனக்கு எல்லா முறையும் வேண்டியிருந்தது.

பட்லர் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்க கோயில்ல சாமியாரு பூசைத் திராட்ச ரசத்த மொதல்ல தான் குடிச்சுப் பாத்துட்டுத்தேன் அடுத்த வேல பாப்பாரு. உங்க பாடு உங்களோட."

கட்டில் பக்கத்தில் நின்று கலர் பாட்டிலின் கோலியைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அந்தச் சத்தத்துக்கு அவள் தலையைத் திருப்பினாள். மாதக் கணக்கில் எந்தச் சத்தத்துக்கும் திரும்பாத தலை. அரை கிளாஸ் கலரை ஊற்றினேன். ஐஸ்கிரீமை ஓரமாக வழுக்கி இறக்கினேன். மேலே கொஞ்சம் கலர். நுரை அதே போலப் பொங்கியது, கட்டி அதே போல மிதந்தது. அவளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துக் கிளாஸைக் கையில் கொடுத்தேன்.

அவள் நுரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முதல் கரண்டியை வாயில் வைத்ததும் கொஞ்சம் நின்றாள். குளிர் தாங்கவில்லை என்று நினைத்தேன். பிறகு அடுத்த கரண்டி. அதற்கு அடுத்தது. நிறுத்தாமல், அவசரப்படாமல், அடிவரைக்கும் சாப்பிட்டுக் கடைசியில் கலரையும் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினாள்.

"அதே மாதிரி இருக்கா?"

"ம். நல்லாருக்கு."

காலிக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். "முழுசும் பட்லர், முழுசும்." அவர் சிலுவை போட்டுக்கொண்டார். இனிமேல் எங்கள் வாய் படலாம் அல்லவா? ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தோம்.

கடல்தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது. பட்லர் செம்பருத்திச் செடிப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார். வாளியைச் சாய்த்து, ஒரு குச்சியைத் துளைக்குள் விட்டு நோண்டினார். கொழுந்தும் சருகுமாக ஓர் உருண்டை வெளியே வந்தது. அதன் பின்னால் உப்புத் தண்ணீர் பீறிட்டது. துளை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் மேலே ஏறி, மூடி வழியாக டப்பாவுக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளேயா போகுது என்று நான் கேட்டதை அவர் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. நல்ல மனிதர்.

உள்ளே போனேன். அவள் சாய்ந்தபடியே இருந்தாள்.

"உப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள்.

"அப்பறம் ஏன் குடிச்ச? துப்பியிருக்கலாம்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பாத்துக்கிட்டே நின்னீகளே."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். ஆலங்கட்டி இன்னும் இருக்கிறது, கலர் மூன்று பாட்டில் இருக்கிறது, இன்னொரு தடவை செய்கிறேன் என்றேன்.

"வேணாங்க. ஆச தீந்துபோச்சு."

வேறு வாய் படாமல் காத்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது.

மறுநாள் கம்பவுண்டர் வந்து ஏதாவது சாப்பிட்டார்களா என்று கேட்டார். ஒரு கிளாஸ் கலரும் ஐஸ்கிரீமும் என்றேன். "முழுசுமா? அப்பப் பொழச்சாக," என்றார். உப்பைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. உப்பு அவளைக் கொல்லவில்லை; கொன்றிருந்தால் எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதன் பிறகு நான் எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள். நான் நகர்ந்ததும் கோழி வந்து கட்டிலடியில் நிற்கும். என்ன வேணும் என்று அவளைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லாமல் போயிற்று. கேட்டால் கேட்பாள், கொடுத்தால் சாப்பிடுவாள், என் முகத்துக்காக. அது தெரிந்த பிறகு எப்படிக் கேட்பது?

ஆனியில் மழை பிடித்ததும் நாலு ஆட்கள் நாற்காலியில் வைத்து அவளைக் கீழே இறக்கினார்கள். மார்க்கையன்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் ஆடி மாதம் கண்ணை மூடினாள்.

வேலையை ஒப்படைத்துவிட்டுச் சாமான்களை எடுக்க நான் மறுபடி மலைக்குப் போனேன். துரைசாணியின் கையேடு என் மேஜைமேல் கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கப் பங்களாவுக்கு நடந்தேன். கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தைப் பிரித்து, ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதினேன். என்ன எழுதினேன் என்று பட்லர் கேட்டார். படித்துக் காட்டினேன்: ஆலங்கட்டியானால் அலசிப் போடவும்.

அவர் புத்தகத்தை வாங்கி, இடுப்புத் துண்டால் அட்டையைத் துடைத்தார்.

"யாருக்கு ரைட்டரய்யா?" என்றார்.