இரண்டாவது பிளக்

இன்று மெக்கானிக் என் பைக்கிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் கரிந்த பெட்ரோல் வாசம், திருவொற்றியூரில் இருந்த எங்கள் தகர ஷெட்டுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. லேத் இரைச்சலுக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே, சித்தப்பா ஓட்டும் ரேஸ் பைக்கின் சிலிண்டர் ஹெட்டில் அப்பா இன்னொரு பிளக்குக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு பத்தாதாப்பா?" என்று கேட்டேன்.

"பெரிய சிலிண்டரும்மா. ஒரு பக்கம் பத்தவெச்சா, நெருப்பு அந்தாண்ட போறதுக்குள்ள பிஸ்டன் எறங்கிடும். ரெண்டு பக்கமும் பத்துனா சீக்கிரம் முழுசா எரியும், வேகம் ஏறும்."

சித்தப்பா ஜெயித்தார். பெரிய கம்பெனி ஒன்று கூப்பிட்டதும், எஞ்சினைத் தானே செய்ததாகச் சொல்லி அதையும் எடுத்துக்கொண்டு போனார். அப்பா தடுக்கவில்லை; ஷெட்டைத்தான் மூடினார். அங்கே இப்போது கன்டெய்னர்கள் நிற்கின்றன.

சித்தப்பா இறந்தபோது அவர் வீடு இருந்த பெரம்பூர் வரை போன அப்பா, தெருமுனையிலேயே நின்றுவிட்டு, முகம் பார்க்காமல் திரும்பினார்.