வெறும் அரிசி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மண்ணரைப் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிற வேலை. கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. குழந்தை இல்லை. அந்தச் சமயத்தில்தான் எனக்கு அரிசி தின்கிற ஆசை பிடித்தது.

எப்படித் தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. அரிசி களையும்போது ரெண்டு வாயில் போட்டுக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். எனக்கு அதோடு நிற்கவில்லை. முந்தானையில் ஒரு பிடி முடிந்துகொண்டு கம்பெனிக்குப் போக ஆரம்பித்தேன். பசி என்றும் சொல்ல முடியாது. சோறு வைத்தால் இறங்காது. கடைவாய்க்கு அந்த நறுக் வேண்டும், அவ்வளவுதான். அயர்ன் மேசையில் ஈரத் துணி சூடாகி ஒரு வாசம் வரும். எனக்கு அது ஊறின அரிசி வாசமாகத் தெரியும். பனியனைப் பார்த்து எச்சில் ஊறுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் கண்டுபிடித்தது என் மாமியார். மாவாட்ட அரிசி எடுக்க வந்தவர் என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டார்.

"என்ன கண்ணு, வெறும் அரிசியத் திங்கற?"

"சும்மாதானுங்க அத்தை."

"சும்மா எதுக்குத் திங்கற? இந்த மாசம் தலைக்கு ஊத்துனியா?"

"தள்ளிப் போயிருக்குதுங்க."

அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் அவரே ஒரு டம்ளர் நிறைய அரிசி அள்ளி என் கையில் கொடுத்தார். "வாய் கேக்கறதக் குடுக்கோணும் சாமி. வவுத்துல இருக்கறது கேக்குது."

அன்றிலிருந்து ஒளித்துத் தின்ன வேண்டியிருக்கவில்லை. நானும் நம்பினேன். ஒவ்வொரு வாயையும் யாரோ உள்ளேயிருந்து கை நீட்டி வாங்கிக்கொள்வதுபோல மென்றேன். பக்கத்து ஊட்டுப் பெண்கள் விசேஷமா என்று கேட்டபோது சிரித்தேன்.

ஒரு மத்தியானம் கம்பெனியிலேயே தூரமாகிவிட்டேன். சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன். "பரவால்ல போ" என்று மட்டும் சொன்னார். ஆனால் ஆசை போகவில்லை. மறுநாள் காலையிலேயே கை அரிசி டப்பாவுக்குப் போனது. அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இது ஆருக்குக் கண்ணு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. உள்ளே யாரும் இல்லை என்றால் கேட்பது யார்?

விட்டுவிடத் தீர்மானித்தேன். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டேன். அரிசி தின்றால் கல்யாணத்தன்றைக்கு மழை வரும் என்று சின்ன வயதில் மிரட்டுவார்கள். அந்த மிரட்டலுக்கும் வழியில்லை, கல்யாணம் முடிந்துவிட்டது. நினைக்கக்கூடாது என்று நினைக்க நினைக்க, வெள்ளை வெள்ளையாக அதுதான் வந்து நின்றது.

என் பக்கத்து மேசையில் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். வெற்றிலை புகையிலையை விட்டவள். என் கடைவாயைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"வேண்டாம் வேண்டாம்னு சொல்றதும் அதே நெனப்புதானட்டி. கண்ணுக்குள்ள அரிசி படமா வருதுல்லா? அந்த எடத்துல வேற படத்தப் போடு."

"என்ன படமுங்கக்கா?"

"நல்லாத் தெரிஞ்ச எடமாப் பாரு. உள்ள நடந்து போயி ஒண்ணொண்ணாப் பாத்துட்டு வா. அதுக்குள்ள ஆசை ஏறி எறங்கிரும். நான் எங்க ஊரு ஆத்துக்குப் போவேன்."

எனக்கு ஆறு ஒன்றும் தோன்றவில்லை. வீதி நெடுக பனியன் கடைகளாக இருக்கிற காதர்பேட்டைதான் தோன்றியது. கை துணியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் அங்கே போவேன். கடைவாசலில் தொங்கும் பனியன்களை நிறம் நிறமாகப் பார்ப்பேன். இந்தியில் பேரம் பேசுகிறவர்களைக் கேட்பேன். பண்டல் தூக்கி வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிடுவேன். பாதி வீதி தாண்டுவதற்குள் கடைவாயின் இழுப்பு தளர்ந்துவிடும். எனக்கே ஆச்சரியம். கேட்டதைக் கொடுக்காவிட்டாலும் ஆசை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

ஆனால் அந்த வீதியில் என் கால் ஒரே கடையில் நிற்க ஆரம்பித்தது. கைக்குழந்தைகளுக்கான ஜபலா தொங்குகிற கடை. நான் வேண்டுமென்று அதை அங்கே வைக்கவில்லை. அரிசியை விட்டு ஓடிவந்து அங்கே நின்றால், மேசையில் துணியைத் திருப்புகிற கையும் நின்றுவிடும். அக்காவிடம் சொன்னேன். அவள் பிசிறு நூலை நறுக்கிக்கொண்டே யோசித்தாள். "அது எனக்குத் தெரியலட்டி. எனக்கு ஆறு மட்டுந்தான் வரும்."

அதற்குப்பின் குழப்பம் கூடியது. பிள்ளை ஆசைதான் அரிசி வேஷத்தில் வருகிறதா? அப்படியானால் நான் எதை விரட்டிக்கொண்டிருக்கிறேன்? ஆசை முழுக்கப் போய்விட்டால், அத்தை டம்ளர் நிறைய அள்ளிக் கொடுத்த அந்த நாளும் போய்விடும்போல இருந்தது. சில நாள் வேண்டுமென்றே காதர்பேட்டைக்குப் போகாமல் இருந்தேன்.

ஒருநாள் தலைசுற்றித் துணிக்குவியல் மேலேயே விழுந்துவிட்டேன். எங்க ஊட்டுக்காரர் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அவர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையேம்மா. மண்ணு, சாக்பீஸ், அரிசி, ஏதாவது தின்னத் தோணுதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அரிசிங்க."

"இரும்புச்சத்து குறைஞ்சா சிலருக்கு அப்படித் தோணும். மாத்திரை தர்றேன், விடாமச் சாப்பிடு."

ஊட்டில் அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கேட்டது ரத்தமா?" என்றார். எனக்கும் ஏதோ ஏமாந்ததுபோல இருந்தது.

மாத்திரையும் தின்றேன், காதர்பேட்டையிலும் நடந்தேன். எந்த நாள் ஆசை விட்டது என்று தெரியாமலே விட்டுவிட்டது. அக்கா தன் யோசனைதான் என்றாள். அத்தை மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டதுதான் என்றார். மாத்திரை என்று சொல்வதுதான் நியாயம். ஆனால் மாத்திரைக்கு முன்பே அந்த வீதியில் பலமுறை அது தளர்ந்ததை நான் அறிவேன்.

பிறகு நிஜமாகவே உண்டானேன். வருகிறவர்கள் எல்லாம் என்ன தின்ன ஆசை என்று கேட்டார்கள். மாங்காய், புளி, சாம்பல் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் வைத்துப் பார்த்தேன். எதுவும் இழுக்கவில்லை.

"ஏதாச்சும் சொல்லு சாமி," என்றார் அத்தை. கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"நாட்டுக்கோழிக் குழம்புங்க."

அன்றைக்கே மிளகு அரைத்துக் குழம்பு வைத்து, எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தார். "இதத்தான கேட்டுது?"

"ஆமாங்க அத்தை," என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன். அவருக்காகச் சொன்னதா, எனக்கே வேண்டியிருந்ததா, சாப்பிடச் சாப்பிடப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. அந்த வருஷம் மகள் பிறந்தாள்.