பொய் என்று சொல்ல ஒருத்தி

மேம்பாலத்துக்கு அடியில், ஆற்றங்கரைச் சேற்றில் கணுக்கால் வரை இறங்கி நின்று கீரை கிள்ளுகிறாள் லிசின். தலையில் மஞ்சள் ஹெல்மெட். கட்டட வேலையை விட்டுப் பத்து வருடமாகிறது, ஹெல்மெட்டை விடவில்லை. மழைக்கு அதுதான் குடை, சந்தைக்கு அதுதான் கூடை, கோபம் வந்தால் உதைப்பதற்கும் அதுதான். கை கீரையைப் பார்த்துக்கொள்ள, வாய் தன்பாட்டுக்குக் கதை சொல்லும். ஆள் இல்லாவிட்டால் கொக்குக்குச் சொல்வாள். ஒரு கொக்கு முழுக் கதையையும் கேட்டு, மீன் பிடிக்க மறந்து, இளைத்துப் போனதை நானே கண்ணால் பார்த்தேன்.

"அதோ நீலக் கண்ணாடிக் கட்டடம் தெரியுதா? பதினேழாவது மாடிக் கம்பியெல்லாம் நான் கட்டினது. அதுக்கு மேல நிக்கிறதெல்லாம் என்னை நம்பித்தான் நிக்குது."

பதினெட்டாவது மாடிக்குக் கம்பி கட்டியவள் அடுத்த வீட்டு நக்காவ். சும்மா இருப்பாளா?

"நான் மேலேருந்து அமுக்கிப் பிடிக்கலேன்னா உன் மாடி போன புயல்லயே பறந்திருக்கும்டி!"

தைவானின் கிழக்குக் கடற்கரையிலிருந்து இந்த நகரத்தைக் கட்ட வந்த ஆமிஸ் பழங்குடி மக்கள் நாங்கள். ஊருக்கெல்லாம் மாடி வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய பலகையில் ஆற்றோரம் எங்களுக்குக் கட்டிக்கொண்டோம். ஏழு முறை இடித்தார்கள். எட்டு முறை கட்டினோம். எங்களில் வீடு பெண்ணுடையது. ஆகவே இந்தக் கரையில் முதல் பலகையை ஊன்றியது யாருடைய அம்மா என்பது லேசான விவகாரமல்ல. லிசின் தன் அம்மா என்பாள். நக்காவ் தன் அம்மா என்பாள். நாற்பது வருடமாக இதுதான் நடக்கிறது.

நடப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எங்கள் கரையில் கதை சொல்ல இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி சொல்வாள், அடுத்த வீட்டுக்காரி "பொய்!" என்று கத்துவாள். அவள் கத்தாத இடமெல்லாம் நிஜம். இதைவிட நல்ல நீதிமன்றத்தை நான் பார்த்ததில்லை. வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது.

போன வசந்தத்தில் ஆவணக் காப்பகத்திலிருந்து லியாவ் என்ற அதிகாரி வந்து, லிசின் வீட்டில் உட்கார்ந்து அவள் கதையைப் பதிவு செய்துகொண்டு போனார். ஒரு மாதம் கழித்து வந்து போட்டுக் காட்டினார். அதை வைத்துத்தான் குடியிருப்பு வாசலில் கல்வெட்டு வைக்கப் போகிறார்களாம். லிசினின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

லிசின் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"நக்காவ் எங்கே?"

"பின்னணிச் சத்தத்தையெல்லாம் சுத்தமா எடுத்துட்டோம்மா. நாய், பைக், அப்புறம் நடுவுல ஒருத்தங்க கத்திக்கிட்டே இருந்தாங்களே... அவங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவள் காதருகே போனேன். "போடுடி கையெழுத்தை. உங்கம்மா பேரு கல்லுல ஏறப்போகுது. எதிரியை அரசாங்கமே தூக்கிடுச்சு. இந்த அதிர்ஷ்டம் யாருக்கு வரும்?"

ஹெல்மெட் வாசல் வரை உருண்டது.

"அதிகாரி தம்பி, வெள்ளத்துல என் தங்கச்சி போனதைச் சொன்னேனே, அங்க நக்காவ் கத்தினாளா?"

"இல்லம்மா."

"கத்தமாட்டா. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துல நின்னவ அவதான். அவ வாயை மூடினதுதான் எனக்குச் சாட்சி. நீங்க அவளை எல்லா இடத்துலயும் ஊமையாக்கிட்டீங்களே! இதைக் கேக்கிற என் பேத்திக்கு எங்க நெசம், எங்க நான் அடிச்சு விட்டதுன்னு எப்படித் தெரியும்? என் தங்கச்சியையும் அடிச்சு விட்டதுன்னு நினைச்சுட்டா?"

லியாவ் பேனாவை மூடினார். நக்காவ் குரலோடு இருந்த பழைய பதிவு அழிந்துவிட்டது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும், வியாழக்கிழமை கடைசி நாள் என்றார்.

நக்காவுக்குச் செய்தி அதற்குள் போய்விட்டிருந்தது. வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நான் சத்தமாம்ல? நாயோட சேர்த்து வழிச்சுப் போட்டாங்களாம்ல?"

"நாய் உன்னளவுக்குக் குரைக்காதுன்னு நான் எடுத்துச் சொன்னேன்டி. வா, வந்து கத்து."

"மாட்டேன். உன் கதை, நீயே சொல்லிக்க."

அன்று கிள்ளிய கீரை முழுவதையும் லிசின் அவள் மடியில் கொட்டினாள். நக்காவ் எண்ணெய், உப்பு எல்லாம் போட்டு வதக்கித் தின்றாள். வியாழக்கிழமை திருவிழாவுக்குக் கட்டும் சிவப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு பதிவறைக்கும் வந்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. வணக்கத்துக்குக்கூடத் தலைதான் ஆடியது.

பஞ்சு வைத்த சுவர்; ஒரு மேசை; இரண்டு நாற்காலி; ஒரு மைக். கண்ணாடிக்கு அப்பால் லியாவும் நானும். லிசின் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இந்தக் கரையில மொதப் பலகையை ஊனினது எங்கம்மாதான்."

நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

நக்காவ் கூரையைப் பார்த்தாள். அறையில் ஒரு கொசு இருந்திருந்தால் அதன் மூச்சு கேட்டிருக்கும். ஒலி இவ்வளவு சுத்தமாக விழுந்த மகிழ்ச்சியில் லியாவ் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இன்னும் இரண்டு மூச்சு போனால் முதல் வீடு லிசினுடையதாகிவிடும். மறுத்துச் சொல்ல இனி இந்த உலகத்தில் ஆள் இருக்காது.

லிசின் முகத்தை மைக்குக்கு நேராகவே வைத்துக்கொண்டு, மேசைக்கடியில் கையை விட்டு, நக்காவின் தொடையைப் பிடித்து ஒரு திருகு திருகினாள்.