உலகம்மை உடைத்த தேங்காய்கள்

உலகம்மையின் வீட்டுக்குப் புதிதாக ஒரு மிஷின் வந்தால், முதலில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் போகும். அதற்குப் பிறகுதான் சுவிட்சில் கை வைப்பாள்.

முதல் தேங்காய் பிரஷர் குக்கருக்கு. கல்யாணமாகிப் பூதப்பாண்டியிலிருந்து திருவனந்தபுரம் வந்த புதிது. புருஷன் கோலப்பன் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கர். கைப்பிடியில் கீறல் விழுந்து விற்காமல் கிடந்த குக்கரை முதலாளியிடம் கேட்டு வாங்கி, வலியசாலையில் இருந்த வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தார். முதல் விசில் அடித்ததும் உலகம்மை ஈரக்கையோடு தெருவுக்கு ஓடிவிட்டாள். மறுநாள் காலையில் கோவில் முன்னால் நின்று, வெடிக்காமல் நெடுநாள் ஓட வேண்டும் என்று சொல்லித் தேங்காயை ஓங்கி எறிந்தாள். அந்தக் குக்கர் மகன் அபிலாஷ் காலேஜ் போகும்வரை ஓடியது.

மிஷினை வாங்கினால் மட்டும் போதாது, அதை முதலில் செய்தவன் யார் என்றும் அவளுக்குத் தெரிய வேண்டும். ரிப்பேருக்கு வருகிறவர்களிடம் கேட்பாள். அவர்கள் சிரிப்பார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அபிலாஷ்தான் எங்கிருந்தாவது தேடிக்கொண்டு வந்து சொல்லுவான்.

"அம்மா, குக்கர கண்டுபிடிச்சது ஒரு பிரெஞ்சுக்காரனாக்கும். முந்நூறு வருஷம் முன்ன. எலும்ப வேகவைக்க."

"எலும்பா? சிவ சிவா! அதிலயா நான் பருப்பு வேகவச்சுக்கிட்டிருக்கேன்?" என்றவள் சற்று யோசித்துவிட்டு, "அவன் பெண்டாட்டி அடுப்புக்கு முன்ன நின்னு நின்னு காலு கடுத்து அழுதிருப்பா. அதான் செஞ்சிருக்கான்" என்றாள்.

இது அவளுடைய சொந்த முடிவு. உலகத்தில் எந்த மிஷினும் யாரோ ஒருவன் பெண்டாட்டி அழுததால்தான் உண்டானது. மாவாட்டுகிற கிரைண்டர் கோயம்புத்தூரில் பிறந்தது என்று கேட்டபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம இட்லிக்கு நம்ம ஆளுதான் செய்யணும். பாவம், அவளுக்குத் தோளு இறங்கியிருக்கும்." வாஷிங் மிஷினைக் கண்டபோது, "இவளுக்கு இடுப்பு" என்றாள்.

மிச்சமான நேரத்தில் அவள் தையல் கற்றுக்கொள்ளவில்லை, பாட்டுக் கிளாஸுக்கும் போகவில்லை. மத்தியானம் படுத்துத் தூங்கினாள். அவள் அம்மை பகலில் முதுகைத் தரையில் சாய்த்து அவள் பார்த்ததில்லை. "மனுஷி மத்தியானம் ஒரு மணிக்கூர் கால நீட்டிப் படுக்கத்தானே இவனுக இதெல்லாம் கண்டுபிடிச்சது?" என்பாள். கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் கோலப்பன் அந்தத் தூக்கத்துக்குப் பங்கம் வராமல் தானே காப்பி போட்டுக்கொள்வார்.

அபிலாஷ் துபாயில் வேலைக்குச் சேர்ந்த பிறகு கரமனைப் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். ஐந்தாவது மாடி. அங்கே லிப்ட்.

லிப்ட் மாட்ட வந்த தங்கபாண்டி திருநெல்வேலிக்காரன். உலகம்மை அவனையும் விடவில்லை. "கயிறு அறுந்தா என்ன செய்யும்?"

"அறுந்தாலும் விழாதும்மா. அமெரிக்காவுல ஒருத்தர் அந்தக் காலத்துலயே செஞ்சு காமிச்சிருக்காரு. பலகையில அவரே ஏறி நின்னுக்கிட்டு, கூட்டத்துக்கு முன்னாடி கயித்த வெட்டச் சொன்னாராம். பலகை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்னுட்டு."

"அவர் பெண்டாட்டி அந்தக் கூட்டத்தில நின்னாளோ?"

"அது தெரியலியேம்மா."

"நின்னிருக்க மாட்டா. கண்ண மூடிக்கிட்டு வீட்ல இருந்திருப்பா" என்றாள்.

அந்த வாரம் பழவங்காடிக்கு இரண்டு தேங்காய் கொண்டுபோனாள். கோலப்பன் கேட்டதற்கு, "ஏறதுக்கு ஒண்ணு, எறங்கதுக்கு ஒண்ணு" என்றாள். இரண்டும் உடைந்தும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. லிப்டில் ஏறினால் கோலப்பனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். கதவு திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் பிடி தளரும்.

அந்த லிப்டுக்குப் பக்கத்தில் இன்னொரு லிப்டுக்கான கூண்டும் கட்டியிருந்தார்கள். அகலமான கூண்டு. கட்டிலோடு ஆளைக் கொண்டுபோகும் பெட் லிப்ட் பிறகு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்று பில்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர்களின் அசோசியேஷன் முதல் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தபோது, பொருளாளர் கோலப்பன் உட்பட எல்லாரும் வேண்டாம் என்று கை தூக்கினார்கள். மாதாமாதம் பராமரிப்பு யார் கட்டுவது? வீட்டில் வந்து சொன்னபோது உலகம்மையும், "பின்ன? ஒண்ணு ஓடுனா போராதா?" என்றாள். கூண்டின் வாசல்களை எல்லா மாடியிலும் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் மட்டும் ஒரு கதவு போட்டுப் பெயின்ட் டப்பாவும் பழைய பேப்பரும் வைத்தார்கள்.

நாலாவது மாடி ரெஜியின் அப்பா இறந்தபோதுதான், கட்டில் நுழையாத லிப்டில் ஆளை எப்படி இறக்குவார்கள் என்பதை உலகம்மை பார்க்க நேர்ந்தது. மரக்கறிப் பையோடு கீழே லிப்டுக்காக நின்றிருந்தாள். கதவு திறந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வேட்டியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நெற்றியை ஒருவர் பின்னாலிருந்து பிடித்திருந்தும் தலை ஒரு பக்கம் ஆடியது. முந்தின நாள் சாயந்திரம் அவளிடம், "நாஞ்சில்காரி, மழை வருமோ?" என்று கேட்ட மனிதர்.

அவள் மேலே வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கேட்டியளா, என்னய அப்பிடி எறக்கப்பிடாது."

"என்னட்டி பேசுக?"

"செத்தவள எதுக்கு உக்கார வைக்கணும்? படுக்கவச்சு எறக்கணும். படிவழியா ஆனாலும் செரி. சத்தியம் பண்ணுங்கோ."

"முதல்ல நான் போவேன். நீ என்னயப் படுக்கவை."

"விளையாடாதீங்கோ" என்று அவர் கையைப் பிடித்து இழுத்து, தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

போன வருஷம் அவளுக்கு முதுகில் வலி வந்தது. வலி போகாமல் படமெடுத்துப் பார்த்தபோது, வேறெங்கோ தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு, இனி உட்கார வைக்க வேண்டாம், எலும்பு தாங்காது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு ஐந்தாவது மாடியில். லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை, படி வளைவிலும் திரும்பவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத்தான் மேலே கொண்டுபோனார்கள். அவள் போட்ட சத்தத்தில் ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. கோலப்பன் தன் மணிக்கட்டை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. பிடிக்கத் தோன்றாத அளவுக்கு வலி.

முதுகில் புண் வராமல் இருக்க ஒரு காற்று மெத்தை வந்தது. சின்ன மோட்டார் ஒன்று கட்டிலுக்கடியில் ராப்பகலாக முனகியபடி, மெத்தையின் குழல்களுக்கு மாற்றி மாற்றிக் காற்றை நிரப்பும். கோலப்பன் மறுநாள் காலை குளித்து, தேங்காயும் கையுமாக அவள் முன்னால் வந்து நின்றார்.

"எங்க போறிய?"

"பழவங்காடிக்கு. மெத்தைக்கு."

"வேண்டாம்."

"புது மிஷினில்லா?"

"நெடுநாள் ஓடணும்னுதானே உடைப்போம்? இது நெடுநாள் ஓட வேண்டாம்" என்றாள். பிறகு, பாறசாலையிலிருந்து வந்து அவளைப் பார்த்துக்கொண்ட ஹோம் நர்ஸ் ஜெஸியிடம், "அந்தத் தேங்காய உடைச்சுச் சம்மந்தித் தொவையல் அரை. வத்தல் மொளகு வச்சு" என்றாள்.

"அம்மைக்கு எரிவு சேராதே."

"எனக்கில்ல. பாவம், நீ வந்தன்னையிலிருந்து ரசமும் சோறுமா தின்னுக."

ஒரு மத்தியானம் கோலப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உலகம்மை மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி கேட்டாள். "படுத்தமேனிக்கு எறங்க ஒரு மிஷின் இல்லியா? எவன் பெண்டாட்டியும் இன்னும் அழல்லியோ?"

கோலப்பனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இருக்கு. பெட் லிப்டு. நாந்தான் வேண்டாம்னு கை தூக்கினேன்."

கட்டிலுக்கடியில் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. அவள், "நானும்தான் ஒண்ணு போரும்னேன்" என்றாள். "அப்பம் நமக்கு நல்ல காலுல்லா இருந்தது."

அந்த வாரமே அவர் ரெஜியைப் போய்ப் பார்த்தார். ரெஜிதான் இப்போது அசோசியேஷன் செயலாளர். தன் அப்பாவை எப்படி இறக்கினோம் என்பதை ரெஜி மறக்கவில்லை. கூட்டம் கூட்டினான். இந்தத் தடவை ஒருவர்கூட எதிர்க்கவில்லை. "அங்கிள், பணம் பிரஸ்னமில்ல. பக்ஷே பர்மிஷன் கிட்டணும், இன்ஸ்பெக்ஷன் வரணும். ஆறேழு மாசம் ஆகும்." கோலப்பன் அதை வீட்டில் சொன்னபோது உலகம்மை, "செரி, வரட்டு. நாலாம் மாடியில வயசான ஆச்சி ஒருத்தி இருக்காள்லா, அவளுக்கு ஆகுமே" என்றாள்.

கூண்டிலிருந்த பெயின்ட் டப்பாக்களை வெளியே எடுத்துப்போட்ட மாதத்தில், ஒரு விடியற்காலையில் அவள் இறந்தாள். ஜெஸிதான் முதலில் பார்த்தாள். அபிலாஷ் மத்தியானம் வந்து சேர்ந்தான். குளிப்பாட்டி, கோடி உடுத்தி, நெற்றியில் திருநீறும் பொட்டும் வைத்தபோது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வலியில்லாத முகமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் டிரைவர் பிரதீஷ் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "இது வளைவு ஜாஸ்தி சேட்டா. ஸ்ட்ரெச்சர் திரும்பாது. லிப்ட்ல கசேரை போட்டு உக்கார வச்சு இறக்கலாம்."

"வேண்டாம். படிதான்" என்றார் கோலப்பன்.

"அப்பா..." என்றான் அபிலாஷ்.

"சத்தியம் பண்ணியிருக்கேன் மக்கா."

ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டு, கெட்டிப் போர்வையில் அவளைக் கிடத்தினார்கள். அபிலாஷ், ரெஜி, பிரதீஷ், கீழ்வீட்டுப் பையன் ஒருவன் என்று நாலு பேர் நாலு மூலையைப் பிடித்தார்கள். கோலப்பன் தலைக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துக்கொண்டார். முதல் வளைவில் போர்வை சுவரில் உராய்ந்தது. இரண்டாவது வளைவில் கீழே நின்றவன் தடுமாற, போர்வை ஒரு பக்கம் சரிந்து, உலகம்மையின் கால் படியில் இடித்தது. மெட்டி கல்லில் பட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

நாலாவது மாடியில் கிடத்தினார்கள். கோலப்பனுக்கு மூச்சு வாங்கியது. அபிலாஷ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், சட்டை முழுக்க வியர்வை. இன்னும் நாலு மாடி இருந்தது.

"போரும்" என்றார் கோலப்பன். "இனியும் அவள இடிக்க வேண்டாம்."

ரெஜி தன் வீட்டிலிருந்து கைவைத்த நாற்காலியைக் கொண்டுவந்தான். கட்டுவதற்கு வேட்டியை நீட்டினான். கோலப்பன் வேண்டாம் என்று தலையாட்டினார். அவளை உட்கார வைத்து, அவள் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டு லிப்டுக்குள் நின்றார். வேறு ஒருவருக்கு அதில் இடமில்லை. அபிலாஷ் வெளியிலிருந்து கையை விட்டுப் பொத்தானை அழுத்தினான்.

கதவு மூடியது. அவர் கண்ணையும் மூடிக்கொண்டார்.

தைக்காடு மின்மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. இரும்புத் தட்டு உள்ளே போயிற்று, கதவு இறங்கிற்று. கோலப்பன் அங்கே நின்ற பணியாளரிடம், "இத முதல்ல செஞ்சது யாரு?" என்று கேட்டார். அந்த ஆள் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அறியில்ல அண்ணாச்சி" என்று மெதுவாகச் சொன்னார். அபிலாஷ் அப்பாவின் தோளைப் பிடித்து வெளியே அழைத்து வந்தான்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது ஜெஸி தரையைக் கழுவிவிட்டிருந்தாள். வந்தவர்கள் முன்னறையில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கோலப்பன் உள்ளறைக்குப் போனார். கட்டிலுக்கடியில் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ஆளில்லாத மெத்தையில் குழல்கள் ஒன்று விட்டு ஒன்றாக உப்பி, வற்றி, மறுபடி உப்பின.

குனிந்து சுவிட்சைத் தேடி அணைத்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மெத்தையிலிருந்து காற்று முழுக்கப் போகிறவரைக்கும் அங்கேயே நின்றார்.