கண்ணை மூடிக்கொண்டு தெரிந்தெடுத்த மென்பொருள்

கடைக்காரர் புது லெப்டொப்பைத் திறந்து என் முன்னால் வைத்தார். "என்னென்ன போட்டுத் தரணும் ராத்தா?" என்று கேட்டவர், நான் வாயைத் திறக்குமுன்னே தானே சொல்லிக்கொண்டு போனார். படத்தை வெட்டி ஒட்ட ஒன்று, வீடியோவை வெட்டி ஒட்ட இன்னொன்று, குப்பை கூட்ட ஒன்று, வைரஸ் பிடிக்க ஒன்றுக்கு இரண்டு, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் விளையாட நாலைந்து. கலியாண வீட்டில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் சஹன் தட்டில் இறைச்சியை அள்ளி வைக்கிறவரின் முகம் அவருக்கு.

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றேன். முக்காட்டை முன்னுக்கு இழுத்து இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன். "நான் இப்பிடி இரிந்துகொண்டு எதைப் பாவிக்க ஏலுமோ, அதை மட்டும் போடுங்க. மத்ததொண்டும் எனக்கு வேணாம்."

அவர் சிரித்தார். நான் முக்காட்டை எடுக்கவில்லை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கல்முனைக் கடைத் தெருவில் எனக்கு ஒரு டைப்பிங் கடை உண்டு. பள்ளிவாசல் நோட்டிஸ், காணி விண்ணப்பம், பாடசாலைக் கேள்வித்தாள், கலியாண கார்ட் எல்லாம் அங்கேதான் எழுத்தாகும். பொத்துவிலிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் சவளக்கடையிலிருந்து வயல் சேறு காயாத காலோடு வருகிறவர்களும் என்னைத் தேடித்தான் வருவார்கள். விசைகளைப் பார்த்து நான் அடித்ததே இல்லை. வந்தவரோடு கதைத்துக்கொண்டே அடிப்பேன். கண் வேண்டியது பிறகுதான். அடித்ததை வாசித்துப் பிழை பிடிக்கக் கண் வேண்டும்.

அந்தக் கண்ணைத்தான் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு தின்றுவிட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிச்சம். இடது கண்ணில் எழுத்துகள் ஊறிய அவல் மாதிரித் தெரியும். "போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்துவம்" என்று டொக்டர் சொன்னார். நல்ல மனுசன், மறைக்காமல் சொன்னார். அன்று முழுக்க எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு கலியாண கார்ட் வேலை வந்தது. இந்தப் பக்கத்தில் டைப்பிங் பழகிய நாங்கள் எல்லோரும் பாமினியில் பழகியவர்கள். பாமினி எழுத்துருவில் எஸ் விசையை அடித்தால் ள, டீ விசையை அடித்தால் ன. இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள். விரல் ஒரு நெல்மணி அளவு விலகினால் போதும், மணமகள் மணமகன் ஆகிவிடுவாள். ஆனாள். நானும் பார்த்தேன், என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அச்சாகி, மணக்க மணக்கக் கட்டுக் கட்டாக வந்த கார்டில் மேலேயும் மணமகன், கீழேயும் மணமகன்.

பெண்ணின் வாப்பா கார்டை என் மேசையில் போட்டார். "என்ன புள்ள இது? எங்கட ஊட்டுல ரெண்டு மாப்பிள்ளையா?"

நான் என் செலவிலேயே திரும்ப அச்சடித்துக் கொடுத்தேன். அது போகட்டும். கதை மீன் சந்தை வரைக்கும் போய்விட்டது. "ரெண்டு மாப்பிள்ளைக் கார்ட் அடிச்ச கடை இதுதானே?" என்று வாசலில் நின்று ஒருவன் கேட்டான். "ஓம், உனக்கும் ஒரு கார்ட் அடிக்கட்டா, மாப்பிள்ளையே இல்லாம?" என்று கேட்டேன். ஓடிவிட்டான். ஆனால் அன்று பகல் முழுக்க நான் வாசல் பக்கம் திரும்பவில்லை.

கடை அறை என் தம்பியுடையது. வாப்பா மௌத்தானபோது வீடு எனக்கும் அறை அவனுக்கும் என்று பிரிந்தது. அவன் பொல்லாதவன் இல்லை. இத்தனை காலமும் அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்தக் கார்டுக்குப் பிறகு வந்து, வாசற்படியில் நின்றபடி சொன்னான்.

"ராத்தா, போதும். இனி ஊட்டுல இரிங்க. ஃபோன் திருத்துற ஒரு பொடியன் அறையக் கேட்டுத் திரியிறான். பெருநாள் முடியக் குடுப்பம் என்டு பாக்கன்."

"ஊட்டுல இரிந்து என்ன செய்யிற? சுவரப் பாக்கிறதா? அதுவும் வடிவாத் தெரியாதே."

"நான் உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றன்."

"பெருநாள் வரைக்கும் அறை எனக்குத்தானே?"

"ஓம்."

"அது போதும். பெருநாளைக்குள்ள ஒரு பிழையில்லாத கார்ட் அடிச்சுக் காட்டுறன். ஏலாட்டி நானே சாவியக் கொண்டுவந்து தாறன்."

இப்படித்தான் நான் லெப்டொப் கடையில் முக்காட்டால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய கணினி இதையெல்லாம் தாங்காது, திறக்கும்போதே நெல் மில் மாதிரி இரையும்.

முதலில் எழுத்தைப் பெரிதாக்குகிற மென்பொருளைப் போட்டுக் காட்டினார் கடைக்காரர். ஓர் எழுத்து திரை முழுக்க வந்தது. இடது கண்ணால் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு சொல்லை வாசித்து முடிக்குமுன் அதன் தலை மறந்துபோய்விடும். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்றேன்.

பிறகு, எழுதுகிற மென்பொருளின் களவுப் பிரதியைப் போடப் பார்த்தார். "எல்லாரும் இதத்தான் ராத்தா போடுற. ஒரிஜினல் மாதிரியே வேல செய்யும்."

"களவெடுத்த சாமான்ல பள்ளிவாசல் நோட்டிஸ் அடிக்கிறதா? அதுவும் நோன்பு காலத்தில? போங்க தம்பி."

சும்மா கிடைக்கிற, ஹலாலான ஒன்று இருக்கிறதாம், அதைப் போட்டார். குப்பை கூட்டுவதை எடுக்கச் சொன்னேன். வைரஸ் பிடிப்பது லெப்டொப்போடேயே வருகிறது, அது ஒன்று போதும். விளையாட்டுகளைக் கேட்கவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன். கண்ணை மூடினால் இதற்கும் எனக்கும் என்ன உறவு?

கடைசியில் திரையை வாசித்துச் சொல்கிற மென்பொருள் வந்தது. தமிழ்க் குரலை ஏற்றி, ஏதோ ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவன் கதைத்தான். ஆனால் தமிழ் கதைத்தான்! "அல்லாஹ்வே" என்று எழுந்தே விட்டேன். கடைக்குள் நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று, இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

சந்தோசம் கொஞ்ச நேரம்தான். என் கடையில் அடித்து வைத்திருந்த கார்டுகள் எல்லாம் ஒரு பென் ட்ரைவில் இருந்தன. அதைச் செருகி, ஒன்றைத் திறந்தோம். மணமகள் என்ற சொல்லில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கே இசட் கே எஃப் எஸ் செமிக்கோலன்" என்றான் மூக்குப் பொத்தி.

"என்ன சொல்றான் இவன்?"

வேறு ஒன்றைத் திறந்தோம். அதுவும் அப்படியே. எனக்குச் சந்தேகம் வந்து, புதுப் பக்கம் ஒன்றில் பாமினியைப் போட்டு உம்மா என்று அடித்தேன். "சி கே செமிக்கோலன் கே எச்" என்றான். வாழ்நாள் முழுக்க நான் தமிழ் என்று நினைத்து அடித்ததெல்லாம் உள்ளே இங்கிலிசு. பாமினி அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உடுப்பைப் போர்த்தியிருக்கிறது. கண்ணுள்ளவருக்கு உடுப்பு தெரியும். இவனுக்குக் கண் இல்லையே, என்னைப்போல. முக்காடு இழுத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"உள்ளுக்கும் தமிழாவே இரிக்கிற யுனிகோட்ல அடிச்சா வாசிப்பான் ராத்தா. இங்கிலிசுல அம்மா என்டு அடிச்சாத் தமிழ்ல வாற கீபோட் இரிக்கு, அதப் பழகினாச் சரி" என்றார் கடைக்காரர்.

"எனக்கு இனிப் புது விரலா முளைக்கப் போகுது? என்ட விரல் பாமினியத்தான் படிச்சிரிக்கு. பெருநாளைக்குள்ள அத மறக்க வைக்க உங்களாலயும் ஏலா, என்னாலயும் ஏலா. வேற வழி தேடுங்க."

"இரிந்தாத்தானே தேடுற?"

"இரிக்கும். பாமினி அடிக்கிறவள் நான் ஒருத்தி மட்டுமா?"

அவருக்கும் ரோசம் வந்துவிட்டது போல. மற்ற வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டுத் தேடினார். அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகு கிடைத்தது. அடிப்பது பாமினி விசை, திரையில் விழுவது யுனிகோட். அந்தக் கீபோட்டைப் போட்டதும் நான் கண்ணை மூடி, பழைய விரலால் அதே விசைகளைத் தட்டினேன். சி, கே, செமிக்கோலன், கே, எச்.

"உம்மா" என்றான்.

கடைக்காரர் கை தட்டினார். நான் உடனே அடுத்ததைக் கேட்டேன், ஏனென்றால் அச்சகக்காரர் இன்னும் பாமினியில்தான் கார்ட் வடிவமைக்கிறார். யுனிகோடைப் பாமினியாக மாற்றவும் பாமினியை யுனிகோடாக மாற்றவும் ஒரு மாற்றி வேண்டும். அதையும் போட்டார். ஐந்து மென்பொருளோடு எழுந்தேன். "இவ்வளவும் போதுமா? லெப்டொப் வெறுமையா இரிக்கே" என்று கவலைப்பட்டார் மனுசன்.

என் கடையில் உட்கார்ந்து பழகினேன். ஒரு கார்டை அடித்து, கேட்டு, பாமினிக்கு மாற்றி, திரும்ப யுனிகோடுக்குக் கொண்டுவந்து இன்னொரு தரம் கேட்பேன். மாற்றும்போது எழுத்து குழம்பியிருந்தால் அப்போது அகப்படும். காது முதலில் சண்டித்தனம் செய்தது. லகரமும் ளகரமும் மூக்குப் பொத்தியின் வாயில் ஒன்றாகவே விழுந்தன. அப்படி விழுகிற சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லவைத்துக் கேட்டேன். நோன்பில் வாய் காய்ந்திருக்கும், தலை இடிக்கும், ஆனால் பின்வாங்கவில்லை. வாசலால் போகிறவர்கள், உள்ளே யாரோ அடைத்த குரலில் கதைக்கிறானே என்று எட்டிப் பார்ப்பார்கள். "என்ட வேலக்காரன்" என்பேன்.

பெருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது தம்பி வந்தான். அவன் மகளுக்குப் பெருநாள் கழித்துக் கலியாணம். கையில் எழுதிய கார்ட் வாசகம் இருந்தது. வேறு கடையில் கொடுக்கத்தான் புறப்பட்டிருப்பான், அவன் நின்ற நிலையிலேயே எனக்கு விளங்கியது.

"தா" என்றேன். "வாசி, நான் அடிக்கிறன்."

மனமில்லாமல் வாசித்தான். பிஸ்மில்லாஹ், ஸலாம், நிகாஹ் மஜ்லிஸ், இரண்டு வீட்டுப் பெயர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். முடிந்ததும் மூக்குப் பொத்தியை வாசிக்கவிட்டேன். நன்றாகத்தான் போனான். பிறகு, தம்பி மகளின் பெயருக்கு முன்னால் "மணமகன்" என்றான்.

தம்பி கதிரையை விட்டு எழுந்தான். "பாத்தீங்களா ராத்தா? திரும்பவும் அதே பிழ. இதத்தானே நான் சொன்னன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் விரல் நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் போய் டீயை அழித்து எஸ்ஸைத் தட்டினேன். "மணமகள்" என்றான்.

"இரி" என்றேன் தம்பியிடம். "பிழ விடாத விரல் எனக்கு ஒருநாளும் இரிக்கல்ல. வாப்பா இரிக்கும்போதும் இல்ல. பிழயப் பிடிக்கிற கண்தான் இரிந்த. இப்ப காது பிடிக்குது. நீ கேட்டாய்தானே? என்ட கண்ணு நல்லா இரிந்த காலத்திலயும் இதவிடக் கெதியாப் பிடிச்சிரிக்க மாட்டன்."

அவன் திரும்பக் கதிரையில் இருந்தான்.

பாமினிக்கு மாற்றி, திரும்பக் கொண்டுவந்து, முதலிலிருந்து வாசிக்கவிட்டேன். இந்தத் தரம் இடையில் நிறுத்தவில்லை. மணமகள் மணமகளாகவே வந்தாள். மௌத்தானவருக்குப் போடுகிற மர்ஹூம் என்ற சொல்லில் மூக்குப் பொத்தி கொஞ்சம் தடுக்கினான், பிறகு அதற்கடுத்து எங்கள் வாப்பாவின் பெயரைச் சொன்னான். ஒரு எழுத்தும் பிசகாமல், அந்த மூக்கடைத்த குரலில், இந்த அறைக்குள் சொன்னான்.

"அந்த இடத்த இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்க" என்றான் தம்பி.

வாசிக்கவிட்டேன். தம்பியின் ஃபோன் அடித்தது. எடுத்துக் கேட்டான். அறையைக் கேட்ட அந்தப் பொடியன்தான், அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. இப்போதெல்லாம் என் காதுக்குத் தப்பாது.

"அற இல்ல தம்பி" என்றான். "இங்க ஆள் இரிக்கு."