இருபத்து நாலில் பதில் இல்லை

என் கணவர் விட்டுப்போன சாமான்களில் நான் தினமும் துடைத்து வைப்பது ஒரு பழைய வோல்ட்மீட்டரை. சுரங்கத்தின் இன்ஸ்ட்ருமென்ட் லேபில் அவர் வேலை பார்த்தார். காலாவதியான மீட்டர்களை ஏலத்தில் தள்ளியபோது, எடுத்த பழைய இரும்புக்காரரிடம் கெஞ்சி இதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் மகளைத் தூக்கி வந்தபோதுகூட அவர் இவ்வளவு பதவிசாகப் பிடித்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டினால் சிரித்துக்கொள்வார்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. நான் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். வருகிற மே மாதம் ரிட்டயர்மென்ட், அதோடு குவார்ட்டர்ஸையும் காலி செய்தாக வேண்டும். கட்டில் பீரோவெல்லாம் எங்கே போனாலும் சரி, மீட்டர் என்னோடு வரும் என்பதில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் அதன் பேட்டரியில் வந்தது. மீட்டருக்குள் ஒரு சின்ன மெமரி உண்டு. எந்த அளவில் எவ்வளவு திருத்திக் காட்ட வேண்டும் என்ற எண்கள் அதில் இருக்கின்றன. ஒரே ஒரு பேட்டரிதான் அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அது தீர்ந்தால் எண்கள் போய்விடும், பிறகு மீட்டர் வாய்க்கு வந்ததைக் காட்டும்.

அந்த எண்களைப் போட்டது நாங்கள் இருவரும். சென்னை நண்பர் ஒருவர் ஒரு வாரத்துக்குக் கொடுத்திருந்த துல்லியமான ஒரு கருவியைப் பக்கத்தில் வைத்து, ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். நான் அதைப் பார்த்து வாசிக்க, அவர் மீட்டரைத் திருத்தினார். வியர்வை தாங்காமல் நான் எழுந்தேன்.

"ஃபேன போடாத. காத்து பட்டா ரீடிங் ஆடிக்கினே இருக்கும்."

"நான் வெந்துக்கிட்டிருக்கேன். அது ஆடுறதுதான் உங்களுக்குப் பெரிசா?"

"இன்னும் ரெண்டே ரேஞ்சும்மா. முடிச்சிட்டு நானே விசிறி வுடறேன்."

சொன்னபடி பழைய காலண்டர் அட்டையால் விசிறினார். அந்தப் பகலை வைத்திருக்கிற இடம் இந்த உலகத்தில் அந்த மெமரி ஒன்றுதான் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை லேபில் அவரோடு இருந்த நண்பர் போன் செய்தார். "பேட்டரி கெடு தாண்டிப் பல வருஷம் ஆச்சு அண்ணி. புதுசு ஒண்ணு வெச்சிருக்கேன், சாயந்தரம் வந்து மாத்தித் தரேன். அதுக்குள்ள மெமரில இருக்கிறத அத்தனையும் லேப்டாப்புல எடுத்து வெச்சிடுங்க. மூடிய மட்டும் நீங்க தொறந்துடாதீங்க. கை பட்டு பேட்டரி அசைஞ்சா அவ்ளோதான்."

மீட்டரின் பின்னால் ஒரு தடித்த கேபிள் சொருகும். ஒரே கேபிளில் பல கருவிகளைக் கோக்கலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து முப்பதுக்குள் ஒரு எண் வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தக் கருவி மட்டும் பதில் சொல்லும். லேபில் அவரவர் பொறுப்பில் இருந்த கருவிக்கு அவரவர் குடியிருந்த பிளாக்கின் எண்ணை வைப்பது வழக்கம். யாராவது குவார்ட்டர்ஸ் மாறினால் கருவியின் எண்ணையும் மாற்றியாக வேண்டும். ஒருவர் மறந்துபோய், அவருடைய பழைய பிளாக்குக்கு வேறொருவர் குடிபோக, இரண்டு மீட்டர்கள் ஒரே நேரத்தில் பேசி ஒரு வாரம் லேபே தலையைப் பிய்த்துக்கொண்டது. அவரை என் கணவர் திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல.

நாங்கள் இருப்பது இருபத்து நாலாவது பிளாக். மீட்டரைக் கூப்பிட அவர் எழுதி வைத்திருந்த புரோகிராமிலும் இருபத்து நாலுதான்; வீட்டுக்கு வந்த புதிதில் அந்த எண்ணுக்கு இது பதில் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன், கேபிளை லேப்டாப்போடு இணைக்க அவர் சால்டர் வைத்துச் செய்த சின்ன போர்டை மாற்றி மாற்றிச் செருகினேன். ஒரு சத்தமும் இல்லை. பேட்டரி தீர்ந்தேவிட்டது, நான்தான் நாளைக் கடத்திவிட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று வருடம் துடைத்தேனே தவிர, ஒரு நாள் இதைப் போட்டுப் பார்த்தேனா?

அழுது முடித்தபின் டீச்சர் புத்தி வந்தது. எண்ணை வைக்கும் ஐந்து சின்ன ஸ்விட்சுகளும் மூடிக்குள் இருக்கின்றன, பார்க்க முடியாது. சரி, எல்லா எண்ணையும் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று நாலு வரி எழுதி ஓட்டினேன். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று திரையில் ஓடி, ஆறில் நின்றது. மீட்டர் பதில் சொன்னது.

ஆறாவது பிளாக்கில்தான் கல்யாணமாகி வந்து குடியேறினோம். ஒரே அறை. ஆனால் வாசலிலேயே பஸ் நிற்கும். முதல் ஷிப்ட் முடிந்து அவர் வரும் பஸ் திருப்பத்தில் கியர் மாற்றும் சத்தம் கேட்டதும் டீக்குத் தண்ணீர் வைப்பேன். அவர் செருப்பைக் கழற்றும்போது டீ தயாராக இருக்கும். இருபத்து நாலுக்கு வந்தபின் பஸ் இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டது. அந்தப் பழைய வீட்டை ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்.

"மூணு ரூம் வூடு குடுத்திருக்கான். நீ இன்னும் பஸ் சத்தத்துக்கு ஏங்கிக்கினு கெடக்கிற" என்பார்.

மெமரியில் இருநூற்று ஐம்பத்தாறு இடங்கள். ஒவ்வொன்றாக லேப்டாப்புக்கு வந்து சேர்ந்தன, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாலு மணிக்கு நண்பர் வந்து பேட்டரியை மாற்றினார், எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றினேன். திறந்த மூடிக்குள் ஸ்விட்சுகளைப் பார்த்தவர், "அண்ணன் போய் இத ஆறுல வெச்சிருக்காரே. இருபத்து நாலுக்குத் தள்ளிடட்டுமா அண்ணி?" என்றார்.

"வேணாங்க. அது அப்படியே இருக்கட்டும்."

தானாக மாறுகிற ஸ்விட்ச் இல்லை அது. மூடியைக் கழற்றி, ஊசி முனையால் தள்ளியிருக்கிறார், புரோகிராமைத் தொடாமல், என்னிடம் மூச்சுவிடாமல். எனக்கு மட்டும்தான் அந்த ஏக்கம் என்று இத்தனை வருடம் அவர்மேல் மனத்தாங்கல் வைத்திருந்தேன். ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நாங்கள் இருவருமாக ஒரு நடை போய் வந்திருப்போம்.

நண்பர் போனபின் புரோகிராமில் இருபத்து நாலை அழித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். மறுநாள் மத்தியானம் முதல் ஷிப்ட் பஸ் திரும்பும் நேரம் பார்த்து, காதில் ஒரு சத்தமும் விழாமலே எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.