பார்க்கக் கூடாத சிலைடு

இந்த ஊரில் நான் ரத்தம் எடுத்த குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதைக்கூட ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஒரு தாளில் டிக் போடுவார். ஒன்டாரியோவில் ஒரு சிறு நகரத்து மருத்துவமனை லேப் இது. என்னைப் பார்ப்பவள் ஹெதர், எங்கள் சூப்பர்வைசர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். சேர்ந்த முதல் வாரம் அவள் "யூ குட்?" என்றபோது, பாராட்டுகிறாள் என்று நினைத்து "தேங்க் யூ" என்றேன். ஏதாவது உதவி வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறாள். சிரித்துவிட்டு நகர்ந்தாள். அன்று அதற்குப் பிறகு யாரும் என்னோடு பேசவில்லை. கணவரும் மகளும் திருவெறும்பூரில் இருக்கிறார்கள். நான் இங்கே தேர்வு எழுதி முழு டெக்னாலஜிஸ்ட் ஆன பிறகு அவர்கள் வருவதாகப் பேச்சு. அதுவரை நான் உதவியாளர்தான்.

திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேபில் பதினாறு வருஷம் இருந்தேன். படித்தது இரண்டு வருட டிப்ளமோ. ரத்தம் எடுப்பது, மெஷினில் ஓட்டுவது, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, ரிப்போர்ட் கொடுப்பது எல்லாம் நான்தான். கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் சனிக்கிழமை மட்டும் வருவார். வாரம் முழுவதற்குமான வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டுவிட்டு, "அமுதா இருக்கறப்ப எனக்கென்ன கவலை" என்பார். அதை நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில் டெங்கு பயத்தால் வாசல்வரை கூட்டம். ஸ்ரீரங்கத்திலிருந்து வைதேகி என்ற பள்ளி ஆசிரியை காய்ச்சலோடு இருந்த தன் அப்பாவை அழைத்து வந்தார். மெஷின் பிளேட்லெட் பதினெட்டாயிரம் என்று காட்டியது. அவ்வளவு குறைந்தால் ஒரு சொட்டு ரத்தத்தைச் சிலைடில் தேய்த்துக் கண்ணால் பார்க்க வேண்டும். சிலருக்கு ரத்தம் எடுத்த குழாயிலேயே பிளேட்லெட்டுகள் ஒட்டிக் கட்டியாகிவிடும், மெஷின் அவற்றை எண்ணாது. இது எனக்குத் தெரியும். கூட்டத்தில் பார்க்காமல் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் பதறிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே சரியாக எண்ணிப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்ப இரண்டு நாளாகிவிட்டது. அதன்பின் வைதேகி வந்தார்.

"உங்க டாக்டரைப் பாக்கணும்."

"சனிக்கிழமைதாங்க வருவாரு."

"அப்ப செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டது யாருங்க?"

மேஜைமேல் இருந்த கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களை டிராயருக்குள் தள்ளினேன். அவர் சத்தம் போடவில்லை. "ரெண்டு நாளும் அப்பா, உயில் எந்தப் பெட்டில இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

போன மாதம் இங்கே அதே மாதிரி ஒரு சாம்பிள் வந்தது. டெக்னாலஜிஸ்ட் சாப்பிடப் போயிருந்தார். சிலைடு மைக்ராஸ்கோப்பின் கீழ் இருந்தது. குனிந்து பார்த்தேன். கட்டி கட்டியாகப் பிளேட்லெட். அவர் திரும்பியதும் சொன்னேன். அவரும் பார்த்து, சரிதான் என்றார். மறுநாள் ஹெதர் தன் அறைக்கு அழைத்தாள். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று போனேன்.

"அப்போது உன்னை மேற்பார்வை பார்த்தது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யாரும் தேவையில்லை. எனக்குப் பதினாறு வருட அனுபவம்."

"நீ சொன்னது சரியா தவறா என்பதல்ல விஷயம், அமுதா."

உதவியாளர் சிலைடைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்திட்டேன். பஸ்ஸில் கோபம் பொங்கியது. அந்தச் செவ்வாய்க்கிழமை என் பக்கத்தில் ஹெதர் மாதிரி ஒருத்தி நின்றிருக்கலாமே என்றும் தோன்றியது. இரண்டையும் சொல்ல ஆளில்லை.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் சகாயமேரி வீடியோவில் அழைத்தாள். என்னிடம் வேலை கற்றவள். இப்போது அந்தத் திருச்சி லேபில் தனியாக இருக்கிறாள். அங்கே சாயங்காலம்.

"அக்கா, பிளேட்லெட் இருபதாயிரம் காட்டுது. சிலைடு போட்டேன். ஒரு தடவ பாருங்களேன்."

மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் போனை வைத்துப் பிடித்தாள். நடுங்கும் வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில் கட்டிகள் தெரிந்தன.

"அந்த எண்ணிக்கையக் குடுக்காத. டாக்டருக்குப் போன் பண்ணி வரச் சொல்லு."

"இன்னிக்குக் கூப்பிட்டா திட்டுவாருக்கா. நீங்க சொன்னாப் போதாதா?"

"நான் சொல்லக் கூடாதுடி. திட்டட்டும், அவரு வந்து பாக்கட்டும்."

அவள் போனை மேஜைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு, லேப் தொலைபேசியில் டாக்டரை அழைக்க முன்னறைக்குப் போனாள். திரையில் கூரையும் சுற்றும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. வெளியே ஒரு கண்டக்டர் "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்" என்று கூவிக்கொண்டிருந்தார். இங்கே என் ஜன்னலுக்குக் கீழே பனி அள்ளும் வண்டி உறுமிக்கொண்டு போனது. அழைப்பைத் துண்டிக்க மனமில்லாமல், அந்த மின்விசிறியைப் பார்த்தபடி, வெளியே கிளம்பப் போட்ட குளிர்கோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.